நான் இஸ்திரி போட்ட ஃபாரங்கள்

ரிட்டயரானவளுக்கு மரியாதை பண்றோம்னு நீங்க கூப்பிட்டு, போன மாசம் உங்க செக்‌ஷனுக்கு வந்தப்போ, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பொண்ணு என்கிட்ட ஒண்ணு கேட்டா. "மேடம், வேலையில அடிபட்டு வர்றவங்க ஃபாரத்துல 'நாட்பட்ட நோய் ஏதும் உண்டா'ன்னு ஒரு கட்டம் இருக்கே, அது முக்காவாசி காலியாத்தான் வருது. காலியா இருந்தா 'இல்லை'ன்னு போட்டுக்கலாமா?" நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கேக் வெட்டக் கூப்பிட்டுட்டாங்க. அப்புறம் சால்வை, போட்டோ, சமோசா. பதில் சொல்லாமலே லாஸ்பேட்டை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.

அன்னையில இருந்து அந்தக் கேள்வி என்னை விடலை. ஏன்னா அதை எனக்கு நானே கேட்டுக்காம விட்ட ஒரு காலம் இருந்துச்சு. அதனால ஒரு மனுஷனோட கால் போற நிலைமைக்கு வந்துடுச்சு. அதைத்தான் எழுதறேன் பிள்ளைங்களா. படிச்சு முடிச்சதும் என் மேல இருக்கற மரியாதை கொஞ்சம் குறையும். குறைஞ்சாலும் சால்வையைத் திருப்பித் தர மாட்டேன்.

சுனாமி வந்து ரெண்டு மூணு வருஷம் ஆகியிருக்கும். அப்போ நம்ம ஆபீஸ் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாடி தெருவுல இருந்துச்சு. கீழே டிஸ்பென்சரி, மேலே நாங்க. காலையில மல்லிப்பூ வாசனை வரும், பத்து மணிக்கு மேல மீன் வாசனை வரும், ரெண்டுக்கும் நடுவுல கீழே இருந்து டிங்சர் வாசனை. தொழிற்சாலையில அடிபட்டவங்க கீழே வந்து கட்டுப் போட்டுக்குவாங்க. அவங்க நஷ்டஈட்டு ஃபாரம், புண்ணு ஆறுற வரைக்கும் கீழேயே, கட்டுப் போடற அறையில இருக்கும். ஒவ்வொரு தடவை கட்டுப் போடும்போதும் அதுல ஒரு வரி எழுதுவாங்க. கேஸ் முடிஞ்சாத்தான் ஃபாரம் மாடிக்கு, என்கிட்ட வரும். நான் அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துவேன்.

அந்த வருஷம் மேலிடத்துல இருந்து ஒரு கடுதாசி. அடிபட்டு வர்ற தொழிலாளிங்கள்ல எத்தனை பேருக்குச் சக்கரை, பிரஷர் மாதிரி நாட்பட்ட நோய் இருக்குன்னு நஷ்டஈட்டு ஃபாரத்தை வச்சுக் கணக்கு எடுத்து அனுப்பணும். நிறைய பேருக்கு இருந்தா நம்ம டிஸ்பென்சரியிலேயே வாரத்துக்கு ஒருநாள் சக்கரை டாக்டர் உட்காருவார், மாத்திரையும் இங்கேயே கிடைக்கும். இல்லைன்னா இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எனக்கு ஒரே குஷி. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியுமே. எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர். எல்லாம் அவருக்கு 'கொம் இல் ஃபோ' இருக்கணும், அதாவது எது எப்படி இருக்கணுமோ அப்படியே இருக்கணும். படுக்கை விரிப்புல ஒரு சுருக்கம் இருந்தா பள்ளிக்கூடம் போற பொண்ணைத் திருப்பிக் கூப்பிட்டு மறுபடி விரிக்க வைப்பார். அந்த வளர்ப்பு எங்கே போகும்? என் மேஜையில காகிதத்து மேல வைக்கற கனத்துக்கு எங்கம்மாவோட பழைய இரும்பு இஸ்திரிப் பெட்டியை வச்சிருந்தேன். கரி போடறதில்லை, சும்மா கனத்துக்குத்தான்.

முடிஞ்ச கேஸ் பத்தாதுன்னு, ஓடிக்கிட்டிருக்கற கேஸ் ஃபாரங்களையும் கட்டாத் தூக்கிட்டு மேலே வந்தேன். ஒரு நாள்ல திருப்பித் தர்றேன்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். அந்த ஃபாரங்க இருந்த லட்சணத்தை என்னன்னு சொல்ல! டீக்கறை, ரத்தக்கறை, கீழ் மூலையெல்லாம் நாய் காது மாதிரி மடிஞ்சு கிடக்கு. எனக்குக் கை துறுதுறுன்னுச்சு. முடிஞ்சது, ஓடறது எல்லாத்தையும் ஒவ்வொண்ணா மூலையைப் பிரிச்சு, நகத்தால நீவி, அடுக்கி, மேலே இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வச்சேன். மறுநாள் காலையில பார்த்தா புதுசா அச்சடிச்ச மாதிரி இருந்துச்சு கட்டு. பெருமையா கீழே கொண்டு போய் வச்சுட்டு வந்தேன்.

கணக்கும் அதே மாதிரி சுத்தமா வந்துச்சு. நாட்பட்ட நோய்க் கட்டம் எல்லாத்துலயும் காலி. காலின்னா இல்லைன்னு போட்டேன். நம்ம ஊருத் தொழிலாளிங்க எல்லாம் இரும்பு உடம்புன்னு ஆபீசர்கிட்ட சொன்னேன். அவர் நல்ல மனுஷன், அவசரம் ஒண்ணுதான் அவருக்கு வியாதின்னு அப்போ நினைச்சிருந்தேன். "பிரமாதம்மா, திங்கக்கிழமை அனுப்பிடலாம்"னார்.

புதன்கிழமை காலையில டிரஸ்ஸர் மாடிப்படி ஏறி வந்தார்.

அவரைப் பத்திச் சொல்லணும். வில்லியனூர் பக்கம் விவசாயக் குடும்பம், என் வயசுதான். முப்பது வருஷமா புண்ணுக்குக் கட்டுப் போட்ட கை. வாய் இருக்கே, அது வேற. நான் சேர்ந்த அன்னைக்கே எனக்கு 'மதாம்'னு, பிரெஞ்சுக்கார அம்மா மாதிரி, பேர் வச்சது அவர்தான். அவர் மக கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு போட்டிருந்தார். அதுவரைக்கும் காலாப்பட்டுப் பக்கத்துல இருந்து ஒருத்தர் மாத்து ஆளா வந்து பார்த்துக்கிட்டார். டிரஸ்ஸர் கல்யாணச் சட்டை போட்டபடியே வந்திருந்தார், கையில என் சுத்தமான கட்டு.

"மதாம், இந்த ஃபாரத்துக்கெல்லாம் இஸ்திரி போட்டது யாரு?"

"நான்தான். எப்படி இருக்கு பார்த்தீங்களா? முதல்ல கல்யாண லட்டை எடுங்க."

அவர் சிரிக்கலை. "கீழே வாங்க"ன்னார்.

கீழே பெஞ்சுல வேலாயுதம்னு ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். தொழிற்பேட்டையில டப்பா செய்யற கம்பெனியில வேலை. தகரக் கட்டு வலது கால் மேல விழுந்து, பதினஞ்சு நாளா கட்டுப் போட்டுக்கிட்டிருக்கறவர். டிரஸ்ஸர் கட்டைப் பிரிச்சார். பிள்ளைங்களா, அந்த நாத்தம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகலை. பெருவிரலும் அடுத்த விரலும் கறுத்துப் போய், பாதம் வீங்கி மினுமினுன்னு இருக்கு. அந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கறார். "வலியே இல்லம்மா. அதான் ஆறிடுச்சுன்னு நினைச்சேன். போன வாரம் வந்தப்போகூட இவரு அடுத்த வாரம் வான்னாரு, சரின்னு வேலைக்குப் போயிட்டேன்"ங்கறார். மாத்து ஆள் மூலையில வெளிறிப் போய் நிக்கறார்.

ஆட்டோவுல பெரியாஸ்பத்திரிக்குப் போறப்போதான் டிரஸ்ஸர் விஷயத்தைச் சொன்னார். சக்கரை இருக்குன்னு நஷ்டஈட்டு ஃபாரத்துல எழுதினா போச்சு. கம்பெனி ஆளு வந்து, புண்ணு ஆறாதது மிஷினால இல்லை, இவன் உடம்பாலன்னு நிப்பான். லீவைக் குறைப்பான், சில பேரை வேலையை விட்டே தூக்கிடுவான். அதனால தொழிலாளிங்க வாயைத் திறக்க மாட்டாங்க. டிரஸ்ஸருக்கு மட்டும் காதுல சொல்லுவாங்க. அவர் எழுத மாட்டார். ஃபாரத்தோட இடது கீழ் மூலையைப் பின்பக்கமா, பெருவிரல் நகம் அளவுக்கு மடிச்சு விடுவார். மடிச்ச ஃபாரம் வந்தா புண்ணைக் கிளறிப் பார்க்கணும், சக்கரை பார்க்கணும், ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொல்லணும். டிஸ்பென்சரி டாக்டருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார். மாத்து ஆள்கிட்டேயும் இதை ஒண்ணுக்கு மூணு தடவை சொல்லிட்டுத்தான் லீவுல போயிருக்கார்.

அந்த ஆள் மேல தப்பே இல்லை. அவர் மடிப்பைத் தேடியிருக்கார். நேரா இருந்துச்சு, அடுத்த வாரம் வான்னு அனுப்பிட்டார்.

நான் ஆட்டோவுல வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன். வேலாயுதம் எனக்கு ஆறுதல் சொல்றார், "பயப்படாதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு. அவருக்குக் காரணம் தெரியாது.

ஆஸ்பத்திரியில டாக்டர் பார்த்துட்டு, "விரலை எடுத்துத்தான் ஆகணும். அதுக்கப்புறம் ரெண்டு மூணு நாள் பார்ப்போம். சீழ் கணுக்காலைத் தாண்டி ஏறினா முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரும்"னார். வேலாயுதம் சம்சாரம் தனம் அப்போதான் மார்க்கெட்டுல இருந்து ஓடி வந்தா. மீன் விக்கறவ. கையில செதில் ஒட்டிக்கிட்டிருக்கு, கழுவக்கூட இல்லை. அவகிட்ட நான் சொல்லிட்டேன். சொல்லாம இருந்திருக்கலாம், டிரஸ்ஸர்கூடக் கண்ணைக் காட்டினார். ஆனா எனக்கு முடியலை.

"மடிச்சு வச்சிருந்ததை நிமித்தி வச்சியா? எதுக்கு?"

"அசிங்கமா இருந்துச்சுன்னு..."

"அசிங்கமா இருந்துச்சா! நான் மூணு பொண்ணு வச்சிருக்கேன், இந்த ஆளு காலை வச்சித்தான் எங்க வூட்டுல அடுப்பு எரியுது. உனக்குக் காயிதம் அழகா இருக்கணுமா? நல்லா இருப்பியா நீ?" அந்தக் காரிடார்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. நான் நின்னேன். வேற என்ன பண்ண முடியும்? திட்டி முடிச்சு மூச்சு வாங்கிட்டு, சட்டுனு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. குரல் இறங்கிடுச்சு. "ஆனா ஒண்ணு. உன் ஃபாரத்துல மட்டும் சக்கரைன்னு எழுதிடாதே. வேலையும் போயிட்டா நாங்க எங்கே போவோம்?"

வெள்ளிக்கிழமை ரெண்டு விரலை எடுத்தாங்க. சீழ் ஏறுமா நிக்குமான்னு தெரியலை. திங்கக்கிழமை என் சுத்தமான கணக்கு மேலிடத்துக்குப் போகணும்.

இங்கேதான் நீங்க கவனிக்கணும். என் முன்னாடி ரெண்டு வழி இருந்துச்சு. ஃபாரத்துல எழுதினதுதான் கணக்குன்னு அனுப்பிடலாம். அனுப்பினா நம்ம ஆளுங்களுக்குச் சக்கரையே இல்லைன்னு ஆயிடும், டாக்டர் வர மாட்டார், இன்னும் எத்தனை வேலாயுதமோ. இல்லைன்னா டிரஸ்ஸரைக் கேட்டு யார் யாருக்கு இருக்குன்னு பட்டியல் போட்டு அனுப்பலாம். போட்டா அந்தப் பட்டியல் என்னைக்காவது ஒருநாள் கம்பெனிக்காரன் கைக்குப் போகும், அத்தனை பேர் பொழப்பும் போகும். ஒண்ணுல பொய், இன்னொண்ணுல துரோகம்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் காலியானதும் ஒரு முடிஞ்ச ஃபாரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். மூலை நேராத்தான் இருந்துச்சு. ஆனா காகிதத்துல ஒரு மெல்லிசுக் கோடு. நான் எத்தனை அமுக்கினாலும், இஸ்திரிப் பெட்டியே வச்சாலும், ஒருதரம் மடிஞ்ச காகிதம் அதை மறக்கலை. ஓடிப் போய் டிரஸ்ஸரைக் கூட்டிட்டு வந்தேன்.

எண்ண ஆரம்பிச்சோம். ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் டிரஸ்ஸர் என் பேனாவைப் பிடுங்கிட்டார். "என்னா மதாம், நம்பரை எழுதறீங்க?" பார்த்தா நிஜமாவே பக்கத்துல இருந்த தாள்ல ஃபாரம் நம்பரை எழுதிக்கிட்டிருக்கேன். பழக்கம்! நம்பர் இருந்தா பேரைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கீழே மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பொட்டலம் புளியங்கொட்டையும் காலி ஊறுகாய் பாட்டிலும் வாங்கிட்டு வந்தார். கோடு இருந்தா பாட்டில்ல ஒரு கொட்டை. எழுதக் கூடாது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பிச்சுது. ஒரே ஆளு மூணு தடவை அடிபட்டிருந்தா மூணு ஃபாரம், மூணு கொட்டை விழுமே! கொட்டினேன் கீழே, முதல்ல இருந்து. ஆள் ஆளா ஃபாரத்தைச் சேர்த்துக் கட்டி, கட்டுக்கு ஒரு கொட்டைதான். வலது பக்கம் மடிஞ்சது, கோணலா மடிஞ்சது, டிரஸ்ஸர் மடிப்பு மாதிரி இல்லாதது எல்லாத்தையும் தள்ளி வச்சோம். அவர் ரெண்டு மூணுக்கு, "இது எனக்கு ஞாபகம் இருக்கு, இவருக்கு உண்டு"ன்னார். "கோடு இல்லை, கொட்டை கிடையாது"ன்னேன். "அப்பா! இந்த மதாம் திருந்தவே மாட்டாங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டார். திருந்தக் கூடாத இடமும் இருக்கு பிள்ளைங்களா.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தோம். பாட்டில் நிறைஞ்சுக்கிட்டே வருது, ஆஸ்பத்திரியில இருந்து சேதி வர வேண்டிய கீழ் டெலிபோன் மட்டும் அடிக்கவே இல்லை. ஒவ்வொரு கொட்டையும் விழறப்போ எனக்கு அந்தக் கால்தான் ஞாபகம் வந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு அடிச்சுது. டிரஸ்ஸர் தடதடன்னு இறங்கிப் போனார். திரும்பி வர்றப்போ மெதுவா ஏறி வந்தார், எனக்கு உயிரே போயிடுச்சு. வாசப்படியில நின்னு, "காய்ச்சல் இறங்கிடுச்சாம். சீழ் நின்னுடுச்சாம். காலு இருக்கு"ன்னார். அவர் மக கல்யாண லட்டு ஒண்ணு டப்பாவுல மீதி இருந்துச்சு. கல்லு மாதிரி ஆயிருந்துச்சு, உடைச்சுத் தின்னோம்.

திங்கக்கிழமை ஆபீசர் மேஜையில பாட்டிலையும் மீதிக் கொட்டைப் பொட்டலத்தையும் வச்சேன்.

"என்னம்மா இது, புளியங்கொட்டை?"

"கணக்கு சார். ஃபாரம் சொல்ற கணக்கு ஒண்ணு, ஃபாரம் சொல்லாத கணக்கு இது." எல்லாத்தையும் சொன்னேன், இஸ்திரி போட்டது உட்பட.

அவர் முகம் சிவந்துடுச்சு. "பேர் பட்டியல் எங்கே? மேலிடத்துல சரிபார்க்கணும்னு கேட்டா?"

"பட்டியல் கிடையாது சார். எத்தனை பேருன்னுதான் பாட்டில் சொல்லும், யாருன்னு சொல்லாது. டிரஸ்ஸருக்குச் சொன்னவங்க மட்டும்தான் இதுல இருக்காங்க. அதனால இதுக்குக் குறையாது, கூட இருக்கலாம்னு எழுதுங்க. பிரஷரைப் பத்தி இந்த மடிப்பு ஒண்ணும் சொல்லாது, அதையும் எழுதுங்க. நான்தான் பட்டியல் தரலைன்னு என் பேரைப் போட்டுக் குறிப்பும் எழுதுங்க. மெமோ வந்தா எனக்கு வரட்டும்."

அவர் பாட்டிலைக் கையில எடுத்தார். ஒரு தடவை குலுக்கினார். அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஃபைலுக்கு அடியில ஒரு மாத்திரை அட்டை. "பதினோரு வருஷமா போட்டுக்கறேம்மா. என் சர்வீஸ் புத்தகத்துலயும் அந்தக் கட்டம் காலிதான்"னார். பொட்டலத்துல மீதி இருந்த ஒரு கொட்டையை எடுத்துப் பாட்டில் கிட்டே கொண்டு போனார்.

"சார், நீங்க அடிபட்ட தொழிலாளி இல்லை. கணக்குல வர மாட்டீங்க"ன்னேன்.

அந்த மனுஷன் வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். நான் சொன்னது சொன்னபடி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மெமோ வந்துச்சு, எனக்குத்தான். பத்திரமா வச்சிருக்கேன். அடுத்த மழைக்காலத்துக்குள்ள வியாழக்கிழமைதோறும் சக்கரை டாக்டரும் வந்துட்டார். காயத்து ஃபாரம் தனி, சக்கரைச் சீட்டு தனி, ஒண்ணு இன்னொண்ணைப் பார்க்காது.

தனம் ரொம்ப நாள் என்கிட்ட பேசலை. நான் மீன் வாங்க அவ கடையைத் தாண்டித்தான் போகணும், மூஞ்சியைத் திருப்பிக்குவா. ஒருநாள் பக்கத்துக் கடைக்காரிகிட்ட உரக்கச் சொன்னா, "மதாமுக்கு வாலு நேரா இருக்கற மீனாப் பார்த்துக் குடு, கோணலா இருந்தா வூட்டுல போய் இஸ்திரி போட்டுடுவாங்க!" நான் சிரிச்சேன், அழுதேன், அன்னையில இருந்து அவகிட்டத்தான் மீன்.

அந்தப் பொண்ணுக்கு இப்போ பதில் சொல்லிடறேன். காலியா இருந்தா 'இல்லை'ன்னு போடாதேம்மா. 'தெரியலை'ன்னு போடு. போட்டுட்டு எழுந்து டிஸ்பென்சரிக்குப் போ. யாரு எழுதினாங்க, ஏன் எழுதலை, எழுதினா யாருக்கு நஷ்டம்னு கேட்டுட்டு வா. கேட்டதைக் கணக்குல சொல்லு, சொன்னவங்க பேரை மட்டும் உன் வயித்துக்குள்ளேயே வச்சுக்கோ.

வேலாயுதம் மூணு மாசம் கழிச்சு, செருப்பு முன்பக்கத்தை வெட்டித் தைச்சுப் போட்டுக்கிட்டு, கட்டு மாத்திக்க வந்திருந்தார். நான் கீழே ஏதோ ரெஜிஸ்டர் எடுக்கப் போயிருந்தேன். பழைய ஃபாரம் எழுதி நிறைஞ்சுடுச்சு, புதுசு போடணும். டிரஸ்ஸர் கையெல்லாம் மருந்து. "மதாம், நீங்களே மடிங்க"ன்னார்.

என் அப்பன் பெத்த பொண்ணு நான். ஓரத்தை ஓரத்தோட சேர்த்து, கோணாம, நகத்தால ஒரு இழுப்பு இழுத்து மடிச்சேன். டிரஸ்ஸர் எட்டிப் பார்த்துட்டு, "அடேயப்பா, மடிக்கறதுக்கும் அளவுகோலா!"ன்னு கிண்டல் பண்ணினார். வேலாயுதத்துக்கு விஷயம் தெரியுமா தெரியாதான்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. தனம் சொன்னாளான்னு கேக்கற தைரியமும் வரலை. அவர் காலை ஸ்டூல் மேல தூக்கி வச்சுட்டு, மீதி இருந்த மூணு விரலையும் ஆட்டிக்கிட்டே ஃபாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பெருசா மடிங்கம்மா"ன்னார். "யாராச்சும் நிமித்திடப் போறாங்க."

இன்னும் கொஞ்சம் பெருசா மடிச்சேன்.